ஏற்றத்தில் கழற்றலாம்

பியெத்ரால்பா, 18 ஏப்ரல் 2004

அன்புள்ள ஒரோசியா அக்காவுக்கு,

இந்தக் குளிர்காலத்தில் உன் முட்டி எப்படி நடந்துகொண்டது? என் வயிறு வழக்கம்போல முணுமுணுக்கிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிக் கடிதம் மட்டும்தான் என்று அம்மா இறந்த வருஷம் நாம் எடுத்த முடிவு நல்ல முடிவு. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சீசன் ஆரம்பித்துவிட்டது. எட்டுக் கட்டில், எட்டு சைக்கிள், எட்டு வெளிநாட்டுக்காரர்கள். ஆறு நாள் மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற அதே வேலைதான். புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இந்த வருஷத்திலிருந்து ஊர் எல்லையைத் தாண்டினால் சைக்கிள்காரன் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம். அதைச் சொன்னதும் இவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியவன் நான். இறுக்கமான கால்சட்டையோடு தேவாலயத்துக்குள் வந்து நிற்க வெட்கப்படாதவர்கள், தலையில் ஒன்றை மாட்ட வெட்கப்படுகிறார்கள். காவலர் வண்டி தெரிந்தால் மாட்டுவது, வளைவு திரும்பியதும் கழற்றுவது. ஒரு பெல்ஜியக்காரன் ஹெல்மெட்டில் ஆலிவ் காய்களைக் கொட்டி வைத்து, வேர்வை ஊறிய அந்தப் பஞ்சிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சொந்த ஊரில் சிவப்பு விளக்குக்கு நின்று போகிறவன், எல்லை தாண்டியதும் சட்டம் என்பது உள்ளூர்க்காரனின் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொள்கிறான்.

சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. நீண்ட ஏற்றத்தில் கழற்றலாம். இல்லாவிட்டால் வெயிலில் மண்டை வெந்துவிடும். அதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எல்லோரும் கழற்றி, வாரை ஹேண்டில்பாரில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியைப் போட்டுத் தொங்கவிட வேண்டும். உச்சிக்குப் போனதும் நான் "தலை" என்று கூப்பிடுவேன். ஒவ்வொருவரும் மாட்டிக்கொண்டு, மேலே ஒரு தட்டுத் தட்டி, "இருக்கு" என்று சொல்ல வேண்டும். நான் கூப்பிடும் முன்பு யாரும் மாட்டக் கூடாது. ஒன்றாக மாட்டினால்தான் எண்ண முடியும். எட்டு "இருக்கு" காதில் விழாமல் இறக்கத்தில் என் சக்கரம் உருளாது.

அத்தானையும் யெல்லேயையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
ஊர்பெஸ்


ஸ்வோலே, 9 மே 2004

அன்புள்ள ஊர்பெஸ்,

முட்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் வயிற்றுக்குக் காரமான தொத்திறைச்சியை நிறுத்து என்று பதினைந்து வருஷமாக எழுதிவருகிறேன், நிறுத்தியிருக்க மாட்டாய்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இங்கே டச்சு நாட்டில் ஹெல்மெட்டைக் கடையில்கூடப் பார்ப்பது அரிது. ஐம்பத்தெட்டு வயதில் நானே வெறும் தலையோடுதான் சைக்கிளில் சந்தைக்குப் போகிறேன். உன் அத்தான் கெர்பென் அதைச் சூப்புச் சட்டி என்கிறார். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களுக்கு உள்ளது என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் உள்ள எண்ணம், எல்லோரும் ஒரே சமயம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல.

ஒரு உதவி வேண்டும். யெல்லே ஜூன் மாதம் உன்னுடன் மலைக்கு வர ஆசைப்படுகிறான். இருபத்தேழு வயது, வாய் நீளம். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு நாலு வயது, அவனைப் பெற்றவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்குச் சைக்கிள் பழக்கியது நான்தான், பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் முட்டி போனதற்கு அதுதான் காரணம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அவன் உன்னோடு மல்லுக்கு நிற்பான். அவன் புத்தியைத் திருத்தச் சொல்லவில்லை, அது என்னாலேயே ஆகவில்லை. தலையை மட்டும் பார்த்துக்கொள். கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பிக் கொடு.

அன்புடன்,
அக்கா


பியெத்ரால்பா, 16 ஜூன் 2004

அன்புள்ள அக்கா,

நீ சௌக்கியமாக இருப்பாய், இவன் அங்கே இல்லையே. என் வயிறு நான்கு நாளாக எரிகிறது. தொத்திறைச்சி காரணமில்லை, உன் பிள்ளை காரணம்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்தான். மற்ற ஏழு பேர் முன்னால், நீ பழக்கிய நம் மொழியில் அழகாகச் சொன்னான். "சட்டம் உங்க ஊருது மாமா, தலை என்னுது." நான் விடவில்லை. "தலை உன்னுதுதான்டா. நீ விழுந்தா அதைப் பொறுக்கி எடுக்கப்போறது எங்க ஊர்க்காரன்." எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் காவலர்கள் நிறுத்தினார்கள். என் நாட்டில் ஆறு வயதுக் குழந்தையும் இப்படித்தான் ஓட்டும் என்று அவர்களிடம் பாடம் நடத்தினான். எல்லாம் எனக்கு வேண்டியவர்கள், திருவிழாவில் என்னோடு பந்தல் போடுகிறவர்கள். அவர்கள் முன்னால் நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். வெட்கக்கேடு. மூன்றாம் நாள் காலை, ஹெல்மெட் இல்லாவிட்டால் சைக்கிள் இல்லை என்று பூட்டிவிட்டேன். போட்டுக்கொண்டான். எப்படி? உள்ளே ஒரு முழுக் கீரைக் கட்டை வைத்து, இலை நாலு பக்கமும் தொங்க, நம் ஊர்ச் சதுக்கத்தை இரண்டு தடவை சுற்றி வந்தான். பேக்கரிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது நான் "தலை" என்றால் ஆடு கத்துவதுபோல "இரூஊக்கு" என்கிறான். மற்றவர்களும் அப்படியே கத்துகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும், நேற்றும் இன்றும் நான் கூப்பிடும்வரை சரியாகக் காத்திருந்துதான் மாட்டினான். அதிலும் நக்கல்தான். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை அக்கா. நாளை மூலா கணவாய், அதோடு இன்னும் ஒரு நாள். பிறகு உன்னிடம் அனுப்பிவிடுகிறேன், நீயே வைத்துக்கொள்.

தம்பி,
ஊர்பெஸ்


பியெத்ரால்பா, 2 ஜூலை 2004

அன்புள்ள அக்கா,

நீங்கள் சரகோசா ஆஸ்பத்திரியிலிருந்து அவனை ஊருக்குக் கொண்டுபோன பிறகு இது உன் கைக்கு வரும். நீ ஒழுங்காகச் சாப்பிடு. உன் முட்டியோடு அந்தத் தாழ்வாரத்தில் பத்து நாள் நின்றதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு நாள்தான் வந்தேன், அதிக நேரம் இருக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். இங்கே வேலை இருந்தது.

அத்தானிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன், காவலர்களிடம் எழுதிக் கொடுத்ததும் அதுதான். பதினேழாம் தேதி, மூலா கணவாயின் இறக்கம், நாலாவது கொண்டை ஊசி வளைவு, சரளைக்கல். அவன் தலையில் ஹெல்மெட் இல்லை. முதல் நாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான், மற்ற ஏழு பேரும் சாட்சி. எத்தனை தடவை சொன்னேன் என்று என் கடிதத்திலேயே இருக்கிறது.

கடவுள் அவனைக் காப்பாற்றட்டும். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஊர்பெஸ்


ஸ்வோலே, 30 ஆகஸ்ட் 2004

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். உன் வயிற்றைப் பார்த்துக்கொள்.

யெல்லே போன வாரம்தான் இங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். உயிருக்குப் பயமில்லை. வலது கை கரண்டியைப் பிடிக்க மறுக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைக்கிறான். அந்த வாரத்தில் அவனுக்கு நினைவு இருப்பது கீரைக் கட்டுவரைதான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமில்லை.

கெர்பென் நல்லவர், ஆனால் பயம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உன் பிடிவாதம்தான்டா இது. உன் மாமா எவ்வளவு சொல்லியிருக்காரு" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். நான் தடுப்பதற்குள் யெல்லே தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான். அவன் வாயாடவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளியலறைக் கண்ணாடியைத் துண்டால் மூடி வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "அந்த மூஞ்சியைப் பாத்தா அருவருப்பா இருக்கும்மா. முட்டாள் மூஞ்சி" என்றான். தழும்பைச் சொல்லவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ சொன்னாய், அவன் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கணவாய் உச்சியில் நீ "தலை" என்று கூப்பிட்டபோது அவன் என்ன சொன்னான்? ஆடுபோலத்தான் கத்தினானா? பழைய யெல்லேயின் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல் அதுவாக இருக்கும். எனக்கு அது வேண்டும்.

அக்கா


பியெத்ரால்பா, 12 அக்டோபர் 2004

அன்புள்ள அக்கா,

உன் முட்டிக்கு இந்த ஈரம் ஆகாது, கம்பளி போட்டுக்கொள். எனக்கு வயிறு முன்பைவிட மோசம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை, எதையாவது மனதில் போட்டு உழப்பிக்கொள்கிறாயா என்று கேட்கிறார். இவர்களுக்கு இதுதான் பேச்சு.

இந்த வருஷம் காளான் ஏராளம். பேக்கரிக்காரி ஒரே நாளில் மூன்று கூடை பறித்தாள். கடைசியாக வந்த ஜெர்மானியர்கள் தேவலை, ஹெல்மெட்டோடே படுக்கிறவர்கள். அதில் ஒருத்தி தன் நாய்க்கும் ஒன்று மாட்டி, அந்த நாய் என் சமையல் பாத்திரத்தில் வாய் வைத்தது. பாத்திரத்தைத் தூக்கி எறிந்தேன். சீ, என்ன பிறவிகள். சாலையை அகலப்படுத்துகிறேன் என்று நம் வாதுமை மரத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். மேயர் வழக்கம்போல ஊரில் இல்லை.

"தலை" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். இப்போது விசில் வைத்திருக்கிறேன். தொண்டைக்கு நல்லது.

நீ கேட்டது. அன்று உச்சியில் பெரிய காற்று. ஒன்றும் காதில் விழவில்லை.

காவலர்கள் அவன் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தபடியே அட்டைப் பெட்டியில் கட்டச் சொல்லி லாரியில் அனுப்பியிருக்கிறேன். நான் அதைத் தொடவில்லை.

ஊர்பெஸ்


ஸ்வோலே, 21 நவம்பர் 2004

ஊர்பெஸ்,

கம்பளி போட்டிருக்கிறேன். உன் வயிறு என்ன சொல்கிறது என்பதைக் கடைசியில் கேட்கிறேன்.

யெல்லேயை இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். விடுமுறைக்கு வெளிநாடு போய்ச் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல. நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தான், படிக்க இருபது நிமிடம் ஆயிற்று. "நான் இன்னொருத்தர் நாட்டுக்குப் போனேன். அவங்க சட்டம் எனக்கில்லன்னு நினைச்சேன். எங்க மாமா தினமும் சொன்னார். நான் கேக்கலை. என்னை மாதிரி முட்டாளா இருக்காதீங்க." அவன் பேசும் விதத்தைப் பார்த்து முன்வரிசையில் இரண்டு பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவன் அதையும் தனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டான். இன்னும் நாலு பள்ளிகள் கேட்டிருக்கின்றன.

மறுநாள் பெட்டி வந்தது. அவன் பார்க்க வேண்டாம் என்று நானே தோட்டத்துக் கொட்டகையில் பிரித்தேன். முன்சக்கரம் வளைந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் ஹெல்மெட் தொங்குகிறது. வார் இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கி போட்டு. ஒரு பக்கம் சாலையில் உராய்ந்து தேய்ந்திருக்கிறது. ஓட்டுக்குள் காய்ந்த கீரை இலை ஒன்று ஒட்டியிருந்தது.

உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வேண்டாம் என்று முரண்டு பிடிப்பவன் அதை அறையில் விட்டுவிட்டு வருவான். இவன் கொண்டுவந்திருக்கிறான். நீ சொல்லிக்கொடுத்தபடி ஏற்றத்தின் அடிவாரத்தில் கழற்றித் தொங்கவிட்டிருக்கிறான், சட்டப்படி. உச்சியில் நீ கூப்பிடும் முன்பு மாட்டக் கூடாது என்பதும் நீ சொன்னதுதான். கூப்பிடும்வரை காத்திருந்தான் என்று ஜூன் மாதம் நீயே எழுதியிருக்கிறாய்.

ஆகஸ்டில் நான் ஒன்று கேட்டேன். நீ காளானைப் பற்றி எழுதினாய்.

மறுபடி கேட்கிறேன். அன்று உச்சியில் நீ கூப்பிட்டாயா?

உன் வயிறு எப்படி?

ஒரோசியா


ஸ்வோலே, 3 ஜனவரி 2005

ஊர்பெஸ்,

புது வருஷம் பிறந்துவிட்டது. முட்டி நலம். தபால் ஒழுங்காக ஓடுகிறது, விசாரித்துவிட்டேன்.

கூப்பிட்டாயா?

ஒரோசியா


பியெத்ரால்பா, 27 ஜனவரி 2005

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் இரு.

கூப்பிடவில்லை.

அன்று ஏற்றத்தில் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்கு வந்தபோது, கல்மேல் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். அவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "மாமா, உங்க தலைக்குள்ள எதை வச்சுப் பாதுகாக்கறீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் சிற்றூரில், என் மலையில், என் சாப்பாட்டைத் தின்றுவிட்டு. எனக்கு உடம்பெல்லாம் கசந்தது. அவன் பல்லில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டிகூட எனக்கு இன்னும் தெரிகிறது.

இறக்கத்தின் கீழே, ஆறாவது வளைவில் காவலர்கள் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குக் கூப்பிட வேண்டாம் என்று நினைத்தேன். மறந்து வெறும் தலையோடு வரட்டும். அவர்கள் இவனைச் சைக்கிளிலிருந்து இறக்கிவைக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். காற்றைப் பார்க்கிறதுபோல அந்தப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் என்னுடையதை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நான் மாட்டியதைப் பார்த்து மற்றவர்களும் மாட்டினார்கள். அவன் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சீசன் தொடங்கியதிலிருந்து எட்டு "இருக்கு" எண்ணாமல் நான் இறங்கியது அந்த ஒரு தடவைதான். எல்லோரும் போவதைப் பார்த்து அவசரமாகப் பின்னால் வந்தான். ஆறாவது வளைவுவரை வரவில்லை.

காவலர்களிடம் நான் பொய் சொல்லவில்லை அக்கா. அவன் தலையில் ஹெல்மெட் இல்லை, நிஜம். முதல் நாளிலிருந்து வேண்டாம் என்றான், நிஜம். எல்லாம் நிஜமாகவே பொறுக்கி எடுத்துச் சொன்னேன். என்னைப் பார்த்துக் குமட்டுகிற அளவு அந்த வெளிநாட்டுக்காரர்களில் யாரைப் பார்த்தும் எனக்குக் குமட்டியதில்லை. ஷேவ் பண்ணும்போது நானும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

ஊர்பெஸ்


ஸ்வோலே, 20 பிப்ரவரி 2005

ஊர்பெஸ்,

படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டாணிச் சூப்பு மேசையில் இருந்தது. கெர்பெனுக்காக ஒவ்வொரு வரியாக டச்சில் சொல்லிக்கொண்டே படித்தேன். பாதியில் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். திரும்பி வந்து யெல்லேயின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், அவன் தோளைத் தொடலாமா என்று தெரியாமல். கொட்டகையிலிருந்து நான் ஹெல்மெட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன்.

யெல்லே அதை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்ப... நான் காத்துக்கிட்டு இருந்தேனாம்மா?"

ஆமாம் என்றேன்.

"அவர் கூப்பிடுவார்னு?"

ஆமாம் என்றேன். அவன் இடது கையால் ஹெல்மெட்டை எடுத்து, கோணலாகத் தலையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினான். "இருக்கு" என்றான். ஆடுபோலக் கத்தவில்லை. எட்டு மாதத்தில் தடுமாறாமல் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. அதன் பிறகுதான் அழுதான். கெர்பெனும் நானும் அழுதோம். சூப்பு ஆறிப்போயிற்று.

பள்ளிகளுக்குப் போவதை அவன் நிறுத்தப்போவதில்லை. "மாமா சொன்னார், நான் கேக்கலை" என்ற வரியை அடித்துவிட்டு, "யாராவது கூப்பிடுவாங்கன்னு நிக்காதீங்க, நீங்களே மாட்டிக்கோங்க" என்று எழுதிக்கொண்டிருக்கிறான். அடுத்தவன் நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்பதையும் விடவில்லை. உன்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்கிறான். அவன் என்னைவிட நல்லவன்.

நான் அப்படியில்லை. அவன் தலையை உன் பொறுப்பில் கொடுத்தேன், நீ அதை வைத்துப் பாடம் புகட்டப் பார்த்தாய். அவன் உன்னைக் கேலி செய்தது நிஜம், அதற்கு அவன் காதைத் திருகலாம். ஒருவன் தன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணாடியைத் துண்டால் மூடிவைத்து வாழ்கிறான் என்று தெரிந்தும் நீ காளானைப் பற்றி எழுதினாயே, அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கையால் தொடவே கூசுகிறது.

எனக்கு எழுதினால் போதாது. காவலர்களிடம் போ. திருவிழாவில் உன்னோடு பந்தல் போடுகிற அதே ஆட்களிடம். எனக்கு எழுதியதை அங்கே எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகலை இந்த வீட்டு முகவரிக்கு, யெல்லேயின் பெயருக்கு அனுப்பு.

இந்தக் கடிதத்தில் உன் வயிற்றைப் பற்றி நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அந்த நகல் வரட்டும், கேட்கிறேன்.

ஒரோசியா